ஆர்.சி. புத்தகத்தில் பிரேக்குக்கு இடமில்லை

முப்பது வருடம் ஓடிய ஜீப்பைப் பழுது பார்ப்பது ஒரு வேலை, அதை மாற்றியமைப்பது வேறு வேலை என்று நம் மோட்டார் வாகனச் சட்டம் நினைக்கிறது. முதலாவது வண்டிக்காரரின் கடமை, இரண்டாவது குற்றம். பட்டறைக்குள் நுழைந்தால் இந்தக் கோடு கலைந்துவிடும். கம்பெனி உற்பத்தியை நிறுத்தி எத்தனையோ வருடமாகி, கடையில் ஸ்பேரும் தீர்ந்துபோன வண்டிக்கு வேறொரு வண்டியின் உதிரியைத் தேடிப் பிடித்துப் பொருத்தினால்தான் அது மறுபடி மலை ஏறும். பொருத்திய மறு நிமிடமே அது சட்டத்தின் கண்ணில் மாற்றம் ஆகிவிடுகிறது. பழைய நான்கு சக்கர இயக்க ஜீப், பிக்கப் விஷயத்தில் பழுது பார்ப்பதே பாதி மாற்றம்தான். ஆகவே மாற்றம் நடந்ததா இல்லையா என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை. நடந்த வேலை உறுதியானதா, அதை யார் பார்த்துச் சான்று தந்தார்கள் என்று கேட்பதே சரி. அப்படிக் கேட்கும் ஏற்பாடு இன்று நம்மிடம் இல்லை.

இந்தக் கேள்வியை எடுத்துப் பார்க்கத் திருவனந்தபுரம் பொருத்தமான மாவட்டம். நகரத்தை விட்டுக் கிழக்கே நெடுமங்காடு, விதுரா என்று போனால் ஒரு மணி நேரத்தில் சமதளம் முடிந்துவிடும். 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. ஒரு பக்கம் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் சிதைந்த பாதைகள், இன்னொரு பக்கம் பேப்பாறை, நெய்யாறு வனப்பகுதி. காட்டாக்கடையிலிருந்து கோட்டூரைத் தாண்டினால் அகத்தியமலை அடிவாரத்துக் காணிக்காரர் குடியிருப்புகள். இரண்டு பருவமழையும் கொட்டும் இடம் இது. மழைக்காலத்தில் சாதாரணக் கார் அங்கே ஒரு சேற்றுத் திருப்பத்தோடு நின்றுவிடும். ரப்பர் ஷீட், மரவள்ளி, வாழைத்தார், ரேஷன் அரிசி, பிரசவ வலி கண்ட பெண், எல்லாம் இறங்குவதும் ஏறுவதும் ஜீப்பில்தான். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதில்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு விடிகாலையில் ஆளேற்றிப் போகும் ஜீப்புகளையும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு எலும்பை உலுக்கிக்கொண்டு ஏறும் ஜீப்புகளையும் பார்த்தவர்களுக்கு, அந்த வண்டியின் வயதும் அது செய்யும் வேலையும் நன்றாகத் தெரியும். அகலமான டயரும் கூரை விளக்கும் வைத்து ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்கும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள். ஊடகத்தில் தெரிவது அவர்கள்தான். ஆனால் பட்டறைக்கு நிரந்தரமாகச் சோறு போடுவது பிழைப்பு வண்டி.

‘ஒரிஜினல்’ என்று சட்டம் எதைப் பிடித்துக்கொள்கிறதோ, அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாய் மஜகாவில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே.3பி, 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு ஊர் ஊராகப் பரவியது. 1970களில் பெட்ரோல் விலை எகிறியதும் அதே ஜீப்பின் மூக்குக்குள் இன்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் எஞ்சின் ஏறியது. 1979இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் வாங்கி எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் எஞ்சின் வந்தது. 1985வாக்கில் வந்த எம்.எம்.540 அதைச் சுமந்துதான் போலீஸ், வனத்துறை, மின்வாரியம் என்று எல்லா அரசு வாசலிலும் நின்றது. டிராக்டர் எஞ்சின், அமெரிக்க ஆக்ஸில், பிரெஞ்சு டீசல், நம் ஊர்த் தகரம். கம்பெனியே செய்த எஞ்சின் மாற்றத்தின் பிள்ளை இந்த வண்டி. ராணுவத்துக்காக ஜபல்பூரில் நிசான் வடிவமைப்பில் செய்த ஜோங்காவும் இதே கதைதான். அதன் 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட எந்தத் தனியாளாலும் முடியாது. ஏலத்தில் எடுத்தவர்கள் முதல் வேலையாக டீசலுக்கு மாற்றினார்கள். இந்த ரக வண்டிகள் ஐம்பது, அறுபது வருடம் உயிரோடு இருப்பதற்கே காரணம், ஏணி மாதிரியான சேசும் அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பாடியும் கழற்றி மாட்ட இடம் கொடுப்பதுதான்.

ஒரு பழைய எம்.எம்.540 பட்டறைக்கு வந்தால் நடப்பதைப் பார்க்கலாம். நல்ல மெக்கானிக் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகிறார். சேசின் பெட்டிக் குழாய்க்குள் வருடக்கணக்காகச் சேறு தங்கி, வடிகால் ஓட்டை அடைத்து, உள்ளிருந்து வெளியே துரு தின்றிருக்கும். தலைநகரத்தின் உப்புக் காற்றில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். தட்டும்போது கணீர் என்றால் நல்லது. தொப்பென்று மண்சுவர் மாதிரி ஒலித்தால் பெயின்டுக்கு அடியில் இரும்பு இல்லை என்று அர்த்தம். அடுத்து முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுகிறார். கிங் பின் பேரிங் தேய்ந்திருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளம் விழுந்ததும் ஸ்டியரிங் இரண்டு கையையும் உதறிவிட்டு ஆடும். அதற்குப் பிறகு கமான் பட்டைகளில் ஒடிந்தது எது, புஷ் எது, டிரான்ஸ்பர் கேசில் ஆயில் ஒழுக்கு எவ்வளவு என்ற கணக்கு. கடைசியில்தான் எஞ்சின். அது ரீபோர் தாங்காத நிலையில் இருந்தால்தான் சிக்கல் ஆரம்பம். அதே பெஜோ எஞ்சினுக்கு நல்ல கிராங்க், நல்ல எண்ணெய் பம்ப் தேடிப் பழைய இரும்புக் கடைகளில் அலையலாம். சென்னைப் புதுப்பேட்டை வரைகூடப் போகலாம். அங்கே கிடைப்பதும் இன்னொரு கண்டம் வண்டியில் தேய்ந்து கழன்றது. இல்லையென்றால் பிற்காலத்து மகிந்திராவின் 2.5 லிட்டர் டி.ஐ. எஞ்சினை வைக்கலாம். இது எளிதாகக் கிடைக்கும், ஸ்பேர் மலிவு, புகை குறைவு.

ஆனால் அதைத் தூக்கி வைத்து போல்ட் போட்டால் வேலை முடிந்துவிடாது. புது எஞ்சினின் முகமும் பழைய கியர்பாக்சின் முகமும் ஒன்றோடொன்று சேராவிட்டால் இடையில் ஓர் இரும்புத் தகடு லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் விழ வேண்டும். தலைமுடி கனத்துக்கு விலகினாலும் முதல் சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு பேரிங் முனகும், கிளட்ச் சரியாக விடாது, ஒருநாள் மலைப்பாதை நடுவில் கியர்பாக்ஸ் சிதறும். நல்ல லேத்காரர் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் தகட்டைக் கையைவிட்டு அனுப்பமாட்டார். மோசமானவர் கண்ணால் பார்த்து வெல்டு அடித்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வண்டியும் ஒன்றுபோலவே இருக்கும். பலத்தின் கணக்கும் உண்டு. வில்லிஸ் பரம்பரை ஜீப்பில் முதல் கியரோடு லோ ரேஞ்சும் போட்டால், எஞ்சின் ஏறக்குறைய 37 முறை சுற்றும்போது சக்கரம் ஒருமுறை சுற்றுகிறது. எஞ்சினின் முறுக்கு விசையும் அதே அளவு பெருகி ஆக்ஸிலுக்குப் போகிறது. அறுபது எழுபது குதிரைத்திறனுக்குச் செய்த ஆக்ஸில் அது. அதற்கு முன்னால் டர்போ எஞ்சினை வைத்துவிட்டு, பின்னால் எதையும் தொடாமல் விட்டால் உடைவது ஆக்ஸில்தான், அதுவும் ஏற்றத்தில்.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் மாநில விதிகளை வைத்து இதில் ஓரளவு இடம் கொடுத்திருந்தது. கேரளப் போக்குவரத்து அதிகாரிகள் மேல்முறையீடு செய்தார்கள். 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், மாநில விதி மத்தியச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டதே, தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தியா முழுவதற்கும் இன்று வழிகாட்டி, கேரளத்தில் பிறந்த இந்த வழக்குதான். அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. காஸ் கிட், மின்சாரக் கிட் போன்ற எரிபொருள் மாற்றங்களுக்கு விதிமுறைப்படியான வழி திறந்திருக்கிறது. எஞ்சின் மாற்ற வேண்டுமானால், நடைமுறையில், அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினுக்கே பதிவு அலுவலகம் ஒப்புதல் தரும்.

சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி ஒரு வண்டியைப் பல பரிசோதனைகளுக்குப் பிறகு விற்கிறது, தெருமுனைப் பட்டறை அதைக் கலைத்தால் சாகப்போவது எதிரே வருபவர். இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் இந்த நோக்கத்துக்கு ஆர்.சி. புத்தகம் சரியான கருவிதானா? அதில் எஞ்சின் எண், சேஸ் எண், கன அளவு, வீல்பேஸ், இருக்கை எண்ணிக்கை, வெறும் எடை, நிறம் எல்லாம் இருக்கின்றன. பிரேக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஸ்டியரிங்குக்கும் இல்லை. பழைய ஜீப்பின் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. மழையில் நனைந்தால் மிதித்தபின் பிரார்த்தனைதான். முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் சரியாகப் பொருத்தினால் வண்டி முன்பைவிடப் பத்திரமானது. அதை அரைகுறையாகப் பொருத்தினால் கொலைகாரன். இரண்டில் எதைச் செய்தாலும் ஆர்.சி.யில் ஓர் எழுத்து மாறாது, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது யாரும் கேட்கவும் தேவையில்லை. ஆனால் புகை குறைந்த எஞ்சினை ஒழுங்காக வைத்தவர் எண் மாறிய குற்றத்தில் மாட்டுவார். டயரையும் பாருங்கள். ஏறக்குறைய 28 அங்குல விட்டமுள்ள பழைய டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66இல் போகிறது. பிரேக் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஈர்ப்பு மையம் உயர்கிறது. இதைத் தடுக்கத்தான் வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பிரேக்கும் கியர் விகிதமும் மாற்றப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குத் தேவை அளவுகோலும் பயிற்சி பெற்ற கண்ணும். வழியில் நிறுத்தி அபராதச் சீட்டு எழுதுவதால் இந்த வேலை நடக்காது.

அடுத்த ஆட்சேபம் புகை. பழைய டீசல் ஜீப் ஏற்றத்தில் கறுப்பாகக் கக்குவதைப் பின்னால் போனவர்கள் மன்னிக்கமாட்டார்கள். 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் திருவனந்தபுரம் உட்பட கேரளத்தின் ஆறு நகரங்களில் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை. டெல்லியில் அப்படிப்பட்ட வயது வரம்பு வந்தது. வயதை வைத்து வெட்டுவது அதிகாரிக்கு எளிது. ஆனால் புகையை அளக்கக் கருவி இருக்கும்போது பிறந்த தேதியை ஏன் அளக்க வேண்டும்? பாரத் ஸ்டேஜ் 4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் அனுமதிக்கப்படும் அளவு 2.45. பாரத் ஸ்டேஜ் 4 வண்டிக்கு 1.62. பழைய ஜீப்பில் அந்தப் பிற்கால எஞ்சினை வைத்து, பிற்கால அளவுக்கே சோதிப்போம் என்று சொன்னால் காற்றுக்கு லாபம். ‘அதே வகை எஞ்சின்’ என்று பிடிவாதம் பிடித்தால், 1980களின் புகையை இன்றைய காற்றில் கலக்கும்படி நாமே வண்டிக்காரரைக் கட்டாயப்படுத்துகிறோம். பழைய வண்டியை இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இன்று கிடைக்கும் நான்கு சக்கர இயக்க பிக்கப்பின் விலை, இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர் எட்டிப் பார்க்கக்கூடியது அல்ல. வருடத்தில் அந்த வண்டி ஓடும் தூரமும் அப்படி ஒன்றும் அதிகமில்லை.

விளம்பரப் பித்து என்ற ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. 2024இல் ஆலப்புழையில் ஒரு யூடியூபர் காருக்குள் நீச்சல் குளம் கட்டி, தண்ணீர் நிரப்பிச் சாலையில் ஓட்டிய கூத்து நடந்த மாநிலம் இது. இந்த மாதிரிக் காட்சிகள் ஒவ்வொன்றும் ஒழுங்கான பட்டறைக்காரரின் வழக்கைப் பல வருடம் பின்னுக்கு இழுக்கின்றன. ஆர்வலர்கள் பதிலுக்கு 2018 வெள்ளத்தை எடுத்து வைப்பார்கள். விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிப் போனபோது, லாரியும் நுழையாத தெருக்களில் உயர்த்திய ஜீப்புகள் மருந்தும் ஆளும் ஏற்றின. அன்று கைகூப்பியவர்கள் இன்று அபராதம் போடுகிறார்கள் என்பது அவர்கள் குறை. அவர்கள் செய்த உதவி உண்மை. வாதமாக மட்டும் அது நிற்காது. நூறு வருடத்தில் ஒருமுறை வரும் வெள்ளத்துக்குப் பயன்பட்டது என்பதற்காக, பாடிக்கு வெளியே அரை அடி துருத்தி நிற்கும் டயர் நகரத்துச் சாலையில் பைக்காரரைக் கீறுவதை அனுமதிக்க முடியாது. எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும் விளக்குக் கம்பியும், 2017இலேயே மத்திய அரசு தடை செய்த முன்பக்க இரும்புத் தடுப்பும் எந்தப் பழுதுக்கும் தேவையில்லை. அவற்றைப் பிடுங்கி எறிய இப்போதுள்ள சட்டமே போதும். எனக்குக் கவலை, அதே வலையில் மாட்டும் மற்ற வண்டியைப் பற்றித்தான்.

வேறு நாடுகள் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கின்றன. பிரிட்டன் நெடுங்காலம் வைத்திருந்த ஒரு புள்ளி முறை எனக்குப் பிடித்தது. மாற்றிக் கட்டிய வண்டி தன் பழைய அடையாளத்தைத் தக்கவைக்க அதில் 8 புள்ளி வேண்டியிருந்தது. அசல் சேசுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ் வகையறா, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு வெறும் 1. வண்டியின் உயிர் சேசில் இருக்கிறது, எஞ்சின் தேய்ந்து மாறும் உறுப்பு என்று பட்டறைக்காரர் எவரும் சொல்வதைத்தான் அந்தக் கணக்கும் சொன்னது. ஆஸ்திரேலியாவில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு டயர் விட்டம் எவ்வளவு கூடலாம் என்று மில்லிமீட்டரில் விதி இருக்கிறது. அதைத் தாண்டினால் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்று வேண்டும். ஜெர்மனியில் பரிசோதனை நிலையம் பார்த்து ஒப்புதல் தந்த மாற்றம் வண்டியின் ஆவணத்தில் ஏறுகிறது. நம் ஊரில் இது நடக்காது என்று கைவிரிப்பவர்கள் பஸ் கட்டும் கரூரை நினைத்துக்கொள்ளலாம். லேலண்டும் டாட்டாவும் வெறும் சேசை அனுப்ப, அதன்மேல் பஸ்ஸைக் கட்டுவது வெளிப் பட்டறைகள்தான். ஒருகாலத்தில் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டினார்கள். பிறகு ஏ.ஐ.எஸ். 052 என்ற பஸ் பாடி விதி வந்தது; கட்டுபவருக்கு அங்கீகாரம், வடிவமைப்புக்கு ஒப்புதல் என்று முறைப்படுத்தினார்கள். ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸை அங்கீகாரம் பெற்ற பட்டறை கட்டலாம், ஐந்து பேர் ஏறும் ஜீப்புக்கு மட்டும் அப்படி ஒரு வழியே இல்லை.

இருக்கும் ஒரே பெரிய வாசல், வகை ஒப்புதல் தரும் மத்தியச் சோதனை நிலையங்கள். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகாட், சென்னை அருகே ஒரகடத்தில் இன்னொன்று. அவை ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிகளுக்கானவை. நெடுமங்காட்டில் ஒற்றை ஜீப்புக்கு எஞ்சின் மாற்றிய மெக்கானிக் அங்கே போய் நிற்க முடியாது. ஆனால் திருவனந்தபுரத்தில் ஆள் பஞ்சம் கிடையாது. 1939இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஆக்குளத்தில் போக்குவரத்து ஆராய்ச்சி மையமான நாட்பாக் இருக்கிறது, வழுதக்காட்டில் போக்குவரத்து ஆணையரகம். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங், சேஸ் வெல்டிங், டயர் அளவு, புகை என்று ஒரு சோதனைப் பட்டியலை இவர்கள் சேர்ந்து எழுதிவிட முடியும். ஒற்றை வண்டியாகச் சோதித்து, தேறினால் ஆர்.சி.யில் ஏற்ற, 52ஆவது பிரிவின்கீழ் மத்திய அரசுதான் விதி வகுக்க வேண்டும். மாநிலம் தனியாகச் செய்தால் 2019 தீர்ப்பு குறுக்கே நிற்கும்.

லஞ்சம் கொடுத்துச் சான்று வாங்கிவிடுவார்களே என்பது கடைசி ஆட்சேபம், அதுதான் கனமானதும்கூட. இதற்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. ஆனால் இன்றைய முறை லஞ்சத்தைத் தடுத்துவிட்டதா? எஃப்.சி. நாளில் மட்டும் பழைய டயரை வாடகைக்கு வாங்கி மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றும் வித்தை எல்லா ஊரிலும் உண்டு. பிரேக் விசையையும் புகையையும் இயந்திரம் அளந்து தாளில் அச்சிட்டால், கையெழுத்திட்ட பொறியாளரின் பெயரும் உரிமமும் அந்தத் தாளில் இருந்தால், விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கம்பெனிக்குப் பிடித்துக் கேட்க ஓர் ஆள் இருப்பார். இன்று மாற்றம் செய்த வண்டி மோதினால், மாற்றத்தைக் காட்டிக் காப்பீடு மறுக்கப்படும் அபாயம் இருக்கிறது. அடிபட்டவர்தான் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்.

இதற்கிடையே 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதி, 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத் தனிப் பதிவு எண் தருகிறது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் எடுத்துப் போகலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. நகரத்துப் பங்களாக்களில் மின்னும் வில்லிஸ்களுக்கு அது நல்ல ஏற்பாடு. விதுரா மலையில் மரவள்ளி ஏற்றும் எம்.எம்.540 அதில் வராது. அது பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் மாட்டிய வண்டி. அதன் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியபோது, பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து விலக்குவதே நோக்கம் என்றார்கள். கட்டணத்தைக் கட்டிவிட்டு வண்டிக்காரர் மறுபடி அதே மலைக்குத்தான் போகிறார். எட்டு மடங்கு ஏற்றிய அந்தக் கட்டணத்தில், ஒரு பொறியாளர் வண்டிக்கு அடியில் சுத்தியலோடு படுத்து சேசைத் தட்டிப் பார்க்கும் கூலி தாராளமாக அடங்கும்.